எலிக்கு நாம் பட்ட கடன்

"வளர்ப்பதற்கா, பாம்புக்கா?"

பிராணிகள் விற்கும் ஒரு கடையிலே, வெள்ளை எலி ஒன்று வேண்டுமென்று நாம் கேட்டபோது, கடைக்காரர் நம்மைத் திருப்பிக் கேட்ட கேள்வி இது. அவர் கேலியாகக் கேட்கவில்லை. பாம்பு வளர்ப்போர் அவரிடம் வாடிக்கையாக எலி வாங்குவதுண்டு. அவர்களுக்கு எந்த எலியானாலும் சரி. வளர்ப்போருக்கோ நிறமும் முகமும் பார்த்துக் கொடுத்தல் வேண்டும். ஆகவே வியாபார முறைப்படி முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டார். ஒரே பெட்டி, ஒரு தாய் வயிற்றுக் குட்டிகள், ஒரே விலை, பத்து வெள்ளி. "வளர்ப்பதற்கு" என்று நாம் சொன்ன ஒரு சொல்லிலே ஓர் உயிர் இப்பக்கம் வந்தது. அதன்மேல் ஒண்டிக் கிடந்த உடன்பிறப்பு அப்பக்கமே நின்றுவிட்டது.

நம் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பேத்தி, அப்போது எட்டு வயதுச் சிறுமி, இதைக் கேட்டுவிட்டாள். வழியெல்லாம் ஒன்றும் பேசாமல் வந்தவள், வீட்டு வாசலிலே நின்று, "தாத்தா, பாம்புக்கு என்று சொல்லியிருந்தால் இது செத்திருக்குமா?" என்றாள். ஆமென்றோம். "அப்படியானால் இது நல்ல எலி, அது கெட்ட எலியா?" என்றாள். விடை சொல்ல நமக்கு வாய் எழவில்லை. நான்காண்டுகளுக்கு மேலாயிற்று. அக்கேள்விக்கு விடை தேடியே இதனை எழுதுகிறோம். முதன்முதல் எலி வளர்க்கப் புகுவோர்க்கு வேண்டிய செய்திகள் சிலவும் இதனுள் வரும். அவற்றுள் பெரும்பாலானவற்றை நாம் தவறு செய்தே கற்றோம்.

"மனிதன் படும் பாடே பேசித் தீராதிருக்க, எலிக்கு ஒரு கட்டுரையா?" என்று அன்பர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். அவர்கள் சினத்தை நாம் தவறென்று சொல்ல மாட்டோம். ஆயினும் ஒன்று கேட்கிறோம். குடியிருக்கும் வீடும், உண்ணும் அரிசியும், நோய்க்கு மருந்தும், வெளியே போகும் வழியும் பிறரொருவர் கையில் இருப்பதென்றால் என்னவென்று, தோட்டத்தில் வாழ்ந்து மடிந்த நம் பாட்டன்மாருக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை. மனிதனையும் எலியையும் நாம் ஒரே தட்டில் வைக்கவில்லை. கதவின் தாழ் யார் பக்கம் இருக்கிறது என்பதை மட்டுமே பார்க்கிறோம். எலிக்கூண்டிலே தாழ் நம் பக்கம் இருக்கிறது. உள்ளே இருப்பது முறையிடாது, மனுக் கொடுக்காது, வேலைநிறுத்தமும் செய்யாது. அவ்விடத்தில் நாம் எப்படி நடந்துகொள்ளுகிறோம் என்பது ஆராயத் தக்க விஷயந்தானே?

நாம் சிறுவராயிருந்த தோட்டத்திலே எலியென்றால் பகை. லயத்துப் பலகைச் சுவரில் இரவெல்லாம் ஓடும். அரிசிச் சாக்கைக் கிழிக்கும். தகரப் பெட்டியின் மூடி சற்றே திறந்திருந்தால் உள்ளிருக்கும் கூறைப் புடவையை நறுக்கி வைக்கும். உறங்கும் குழந்தையின் கால்விரலைக் கடித்ததும் உண்டு. சுட்ட தேங்காய்ச் சில்லோ கருவாட்டுத் துண்டோ மாட்டிய கூண்டுப் பொறி ஒன்று, அடுப்படியில் நிலையாக இருக்கும். விடிந்ததும் அகப்பட்டதைப் பொறியோடு வாளித் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். குமிழி நிற்கும்வரை சுற்றி நின்று பார்த்த சிறுவர்களில் நாமும் ஒருவர். அதிலே ஒரு கொண்டாட்டமும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

இப்பகைமை வீண் பகைமையன்று. எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல் இன்றைக்கும் இந்நாட்டில் உயிர் குடிக்கிறது. வெள்ளம் வடிந்த பிறகும், அருவியில் குளித்த பிறகும் அதைப் பற்றி அரசாங்கம் எச்சரிப்பதை நாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். 1894 ஆம் ஆண்டு ஹாங்காங்கில் கொள்ளைநோயின் கிருமியை யெர்சின் கண்டறிந்தார். அஃது எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியால் மனிதனுக்கு வருகிறதென்பதை 1898 இல் கராச்சியில் சீமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் காட்டினார். செம்பனைத் தோட்டங்களில் பழக்குலைகளை எலி அரித்துத் தின்னும் நட்டம் தோட்டத்தார் அறிந்ததே. கூகைகள் குடியேற மரங்களுக்கிடையே பெட்டிகள் நட்டு வைப்பதும் அதனாலேயே. எலியைத் தெய்வத்தின் வாகனமென்று கும்பிட்டுவிட்டு அன்றிரவே பொறி வைக்கும் வீடுகளும் உண்டு. அதைப் பற்றி வேறொரு நாள் பேசலாம். தஞ்சைச் சீமையிலே, அறுவடை முடிந்த வயலில் வளையைத் தோண்டி, எலி சேர்த்து வைத்த கதிரைக் கசக்கிக் கஞ்சி காய்ச்சியவர்களும், அவ்வெலியையே சுட்டுத் தின்றவர்களும் இருந்தார்கள். அவர்களை இழிந்தோர் என்றவர்களின் குதிரில் மட்டும் நெல் நிறைந்திருந்தது.

நிற்க. பகையாகிய இப்பிராணி மடியில் ஏறிய கதை விசித்திரமானது. ஜப்பானில் 1775 ஆம் ஆண்டிலும் 1787 ஆம் ஆண்டிலும் எலி வளர்ப்பைப் பற்றியே நூல்கள் அச்சாகியிருக்கின்றன. பல நிற எலிகளை எவ்வாறு இனஞ் சேர்ப்பது என்பதெல்லாம் அவற்றில் உண்டு. இங்கிலாந்திலோ இது குருதியில் தொடங்கியது. பள்ளமொன்றில் நூற்றுக்கணக்கான எலிகளை விட்டு, ஒரு நாய் அவற்றை எத்தனை நிமிடத்தில் கொன்று தீர்க்கும் என்று பணங் கட்டி ஆடுவது இலண்டனில் பெரும் பொழுதுபோக்காயிருந்தது. 1835 இல் காளையையும் கரடியையும் வைத்து ஆடும் கொடுமையைச் சட்டம் தடுத்தது. எலிப் பந்தயமோ அதன் பிறகும் பல்லாண்டு நடந்தது. அப்பந்தயத்துக்கு எலி பிடித்துத் தந்தவர்களுள் ஜாக் பிளாக் என்பவர் ஒருவர். விக்டோரியா அரசியின் எலிபிடிப்போர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர். சிவப்பு மேற்சட்டை அணிந்து, எலி உருவங்கள் பதித்த தோல்வாரை மார்பில் குறுக்கே கட்டித் தெருவில் வருவார். வலையில் அபூர்வ நிறத்து எலி ஏதேனும் அகப்பட்டால் அதைக் கொல்லாமல் எடுத்து வைத்து, இனம் பெருக்கி, அணில் கூண்டில் வைத்து வளர்க்கச் சீமாட்டிகளுக்கு விற்றார். ஹென்றி மேஹியு என்னும் பத்திரிகையாளர் இவரைக் கண்டு பேசி எழுதியிருக்கிறார். 1901 இல் எயில்ஸ்பரி நகரில் சுண்டெலி வளர்ப்போர் நடத்திய கண்காட்சியில் எலிகளுக்கும் இடம் கிடைத்தது. மேரி டக்ளஸ் என்னும் அம்மையாரின் முயற்சி அது. குழந்தைகளுக்குக் கதை எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் 1908 இல் வெளியிட்ட நூலொன்றைத் தாம் வளர்த்து இறந்துபோன எலிக்கே உரிமையாக்கினார். 1906 முதல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து விஸ்டர் ஆராய்ச்சி நிலையம் வெள்ளை எலிகளைத் திட்டமிட்டு வளர்க்கலாயிற்று. இன்று மருந்துக் கடையில் நாம் வாங்கும் மாத்திரைகளில் எலியின் உடலில் முன்பே சோதிக்கப்பெறாதவை மிகச் சிலவே.

இவையெல்லாம் எந்த எலி? கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் சாக்கடையில் ஓடுகிறதே, பெரிய பழுப்பு எலி, அதே இனந்தான். நார்வே எலி என்று பெயர் பெற்றாலும் அதன் பூர்வீகம் ஆசியாவே. நூற்றைம்பது இருநூறு ஆண்டு மனிதன் கையில் வளர்ந்ததால் அச்சம் குறைந்திருக்கிறது, நிறம் மாறியிருக்கிறது. மற்றபடி உடலும் அறிவும் ஒன்றே. எனவே பேத்தி கேட்ட நன்மை தீமை எலியிடத்தில் இல்லை. பாம்புப் பெட்டிக்குப் போனதும், பொறியில் அகப்பட்டதும், அவள் உள்ளங்கையில் அமர்ந்திருந்ததும் ஒரே உயிர்.

ஆனால் வேறுபாடே இல்லையென்று சொல்லிவிடவும் நமக்கு மனம் வரவில்லை. பல நாள் யோசித்த பின் அவளை அழைத்து, "இது நல்ல எலியுமில்லை, அது கெட்ட எலியுமில்லை. இது நாம் வாக்குக் கொடுத்த எலி. வளர்ப்பதற்கு என்று கடையில் சொன்னோமே, அதுதான் வாக்கு. சாக்கடை எலி தன் தீனியைத் தானே தேடும், தன் துணையைத் தானே தேடும், வெயிலடித்தால் நிழலுக்கு ஓடும். இதைக் கூண்டிலிட்ட நாளில் இத்தனையையும் அதனிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டோம். எடுத்ததை நாமே தினந்தோறும் திருப்பித் தந்தாக வேண்டும்" என்று சொன்னோம். விடை கிடைத்துவிட்டதென்று நமக்குள் ஒரு பெருமையும் உண்டாயிற்று. அவள் சற்று நேரம் பேசாதிருந்து, "அப்படியானால் பஞ்சுவிடம் நாம் பொய் சொல்லிவிட்டோமா, தாத்தா?" என்று கேட்டாள்.

பஞ்சு என்பது நாம் முதலில் வாங்கிய வெள்ளை எலி. நாம் இதனைச் சொன்னபோது அது இறந்து இரண்டு மாதமாகியிருந்தது.

அதன் கதையைச் சொல்லிவிடுகிறோம். ஒன்று போதுமென்று ஒன்றே வாங்கினோம். "எலி வளையானாலும் தனி வளை" என்ற பழமொழியில் வளர்ந்தவர்கள் அல்லவா நாம்? அப்பழமொழி மனிதனின் ஆசையைச் சொல்லுகிறது; எலியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. எலி தனி வளையில் வாழும் பிராணியன்று. கூட்டமாக வாழ்ந்து, ஒன்றன்மேல் ஒன்று படுத்து உறங்கி, ஒன்றின் மயிரை மற்றொன்று கோதி நாளைக் கழிக்கும். மனிதன் எத்தனை மணி நேரம் கூட இருந்தாலும் அந்த இடம் நிரம்பாது; மேலும் நாம் உறங்கும் இரவுதான் அதற்கு விழிப்பு. பேத்தி பள்ளிக்குப் போனபின் பஞ்சு தன் நாளெல்லாம் ஒரு மூலையிலே கழித்தது. சாதுவான பிராணி என்று வந்தவரெல்லாம் மெச்சினார்கள். நாமும் மெச்சினோம்.

அதற்கு நாம் தந்த வீடு மீன் வளர்க்கும் பழைய கண்ணாடித் தொட்டி. காற்றோட்டம் மேலே மட்டும். அடியிலே மரப்பட்டறையில் இனாமாகக் கிடைத்த மரத்தூள். எலிக்கு மூச்சுப்பைதான் பலவீனமான உறுப்பு. மூச்சுநோய்க் கிருமி ஏறக்குறைய எல்லா வளர்ப்பெலிகளிடத்திலும் உறங்கிக் கிடக்கிறது. தூசியும், ஈரத்தில் ஊறிய மூத்திரத்தின் காரமான ஆவியும், பைன் தேவதாரு போன்ற மரங்களின் வாசனை எண்ணெயும் அதை எழுப்பிவிடும். தூசி, காரம், புழுக்கம் மூன்றையும் ஒரே தொட்டியில் சேர்த்து வைத்தவர்கள் நாம். அது போதாதென்று, வெளிச்சம் வேண்டுமே என்று சன்னலோரத்தில் வைத்தோம். எலிக்கு உடம்பு வேர்க்காது. வாலின் வழியாகவே பெரிதும் சூட்டை வெளியே விடும். வெப்பமானியில் முப்பது பாகைக்கு மேல் ஏறினால் அதற்குத் துன்பம். தகரக் கூரையின்கீழ் நம் ஊர்ப் பிற்பகல் அதைத் தாண்டிவிடும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஒரு நாள் அதன் கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்பாக வடிந்திருந்தது. இரத்தமென்று பயந்து துடைத்துவிட்டோம். அஃது இரத்தமன்று, கண்ணருகிலுள்ள சுரப்பியிலிருந்து வரும் சிவந்த நீர். எலி நோயுற்றாலும், மன உளைச்சல் கொண்டாலும் அது மிகுதியாக வடியும். அப்பிராணி தன் துன்பத்தைச் சொல்ல வைத்திருக்கும் வெகு சில சொற்களில் அது ஒன்று. நாம் அதனைத் துணியால் துடைத்தோம். மூச்சில் கிளிக் கிளிக்கென்று ஓசை கேட்டபோது தடுமம் என்றோம். ஒன்பதாம் மாதத்தில் ஒரு விடியற்காலை தொட்டியின் மூலையில் விறைத்துக் கிடந்தது. இரண்டு முதல் மூன்றாண்டு வாழக்கூடிய உயிர்.

பொய் சொன்னோமா? தெரியாமல் செய்தோம் என்று சொல்லலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஒன்பது மாதத்தில் எலி வளர்ப்பைப் பற்றி ஒரு பக்கமேனும் நாம் படிக்கவில்லை; மிருக வைத்தியரை ஒரு நாளும் கேட்கவில்லை. வானொலிப் பெட்டி வாங்கியபோது அதன் விளக்கச் சீட்டை இரண்டு முறை படித்தவர்கள் நாம். பத்து வெள்ளிப் பொருளுக்கு என்ன விளக்கம் என்று உள்ளூர எண்ணியிருப்போம் போலும். அறியாமை தானாக வந்ததன்று, மலிவு கண்டு நாமே வைத்துக்கொண்டது. பேத்தியிடம், "ஆம், சொல்லிவிட்டோம்" என்றே விடை கூறினோம்.

அதன் பிறகு ஓராண்டு அவள் எலி கேட்கவில்லை. பிறகு கேட்டபோது, இம்முறை படித்துவிட்டு வாங்குவோம் என்றாள்.

வாங்கப் போகிறவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். இரண்டாக வாங்குங்கள், இரண்டும் பெண்ணாகவோ இரண்டும் ஆணாகவோ இருக்கட்டும். ஆணும் பெண்ணுமாய்ச் சேர்த்துவிட்டால் மூன்று வாரத்தில் எட்டுப் பத்துக் குட்டி. அக்குட்டிகளும் ஐந்தாறு வாரத்தில் பருவமடையும். அத்தனைக்கும் யார் வாக்குக் கொடுப்பது? ஆண் எலி சற்று மந்தம், மடியில் கிடக்கும், போகுமிடமெல்லாம் சொட்டு மூத்திரம் வைக்கும். பெண் எலிக்கு நிற்க நேரமிராது. ஐந்தாறு வாரம் தாயோடிருந்த குட்டியாக இருத்தல் நலம். கூடுமானால் கடையை விடுத்து, வீட்டில் வளர்ப்பவரிடம் தாயையும் பார்த்து வாங்குங்கள். கடிக்கும் தாயின் குட்டியும் அச்சமுடையதாயிருப்பதுண்டு. கையை உள்ளே நீட்டிச் சற்று நேரம் அசையாதிருங்கள். மூக்கை நீட்டி முகர வருகின்ற குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மூலையில் நடுங்கும் குட்டியின்மேல் இரக்கம் பிறக்கும். முதன்முதல் வளர்ப்பவர் அவ்விரக்கத்துக்கு உட்படாதிருப்பதே அக்குட்டிக்கும் நல்லது என்பது நம் அபிப்பிராயம், கொடிய அபிப்பிராயமாகத் தோன்றினாலும். கண் தெளிவாக, மயிர் வழவழப்பாக, தும்மலும் மூச்சோசையும் இன்றி இருக்கட்டும். வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டும் கடைக்காரரிடம் வாங்க வேண்டாம். வாலின் தோல் அப்படியே உரிந்து வந்துவிடக்கூடும்.

கம்பிக் கூண்டே சிறந்தது. இரண்டெலிக்கு இரண்டடி நீளம், ஒன்றரையடி அகலம், இரண்டடிக்குக் குறையாத உயரம்; கம்பிகளுக்கிடையே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. அடித்தளம் கம்பியாக இருந்தால் பாதம் புண்ணாகும். தட்டுப் போட்டு மூடுங்கள். கிழித்த காகிதமோ பழைய பருத்தித் துணியோ பரப்பி அடிக்கடி மாற்றுங்கள். எலி அழுக்குப் பிராணியென்பது நம் சாக்கடையின் குற்றத்தை அதன் தலையில் போடுவது. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை அது தன் உடலைத் துடைப்பதிலேயே கழிக்கிறது. தீனியாக எலிக்கென்றே செய்த உருண்டைகளும், சிறிது கீரை, காய், சோறும் போதும். எலியால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். வீட்டெலி கூண்டை நெருங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அதன் நோய் இதற்கு வரும், இதன் வழியாக உங்களுக்கு வரும். தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

இவ்வாறு வாங்கிய இரண்டு பெண் எலிகளுக்கு மிளகு, சுண்டல் என்று பேத்தி பெயரிட்டாள். ஒரு வாரத்துக்குள் நாம் கண்ட காட்சி நம்மை வெட்கப்படுத்தியது. ஒன்று மற்றொன்றைத் துரத்தும், மல்லாக்கத் தள்ளும், பிறகு இரண்டும் ஒன்றாய்ச் சுருண்டு உறங்கும். பஞ்சு சாதுவாயிருக்கவில்லை, சலித்துக் கிடந்தது என்று அப்போதுதான் விளங்கிற்று. எலி சிரிக்கும் என்பதையும் பின்னர்ப் படித்தோம். ஜாக் பாங்ஸெப் என்னும் அறிஞர் 1990களின் இறுதியில் அமெரிக்காவில் எலிக்குட்டிகளைக் கிச்சுக்கிச்சு மூட்டி, மனிதச் செவிக்கு எட்டாத மெல்லொலி ஒன்றைக் கருவியால் கேட்டார். விளையாட்டிலும் அதே ஒலி எழுந்தது. கிச்சுக்கிச்சு மூட்டிய கையை அவை தேடி வந்தன. 2011 இல் சிக்காகோவில் வேறொரு சோதனை. இரண்டு வாரம் கூடி வாழ்ந்த இரண்டெலிகளில் ஒன்றைச் சிறு குழாயில் அடைத்து, வெளியிலிருந்து மட்டுமே திறக்கக்கூடிய கதவு வைத்தார்கள். வெளியே இருந்தது நாள்தோறும் முயன்று கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டது. பக்கத்தில் சாக்லேட்டை வைத்து அடைத்தபோது இரண்டையும் திறந்தது. பலமுறை தோழனுக்கும் பங்கு விட்டது. இஃது இரக்கமன்று, துணைமேல் உள்ள ஆசைதான் என்று மறுத்த ஆராய்ச்சியாளரும் உண்டு. இருக்கட்டும். துணைமேல் அத்தனை ஆசையுள்ள பிராணியையே நாம் ஒன்பது மாதம் தனியே வைத்திருந்தோம்.

இனி, வாக்குக் கொடாத எலிக்கு நாம் ஒன்றும் கடன்படவில்லையா? மிளகும் சுண்டலும் வந்த மூன்றாம் மாதம் நம் அடுப்படிப் பொறியில் ஒரு பெரிய பழுப்பெலி அகப்பட்டது. அடுப்படியில் எலியை விட்டு வைப்பதற்கில்லை. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் வாளியை எடுக்க நம் கை வரவில்லை. கொல்லுவது வேறு, வதைப்பது வேறு. நீரில் அமிழ்த்துவது விரைவான சாவன்று. 1948 முதல் எலிவிஷமாக வந்த வார்பரின் போன்ற மருந்துகள் உடலுக்குள்ளே குருதி கசியச் செய்து சில நாளெடுத்துக் கொல்லும். பசைத் தட்டோ எல்லாவற்றிலும் கொடியது. ஒட்டிய எலி தன் காலைத் தானே கடித்துக்கொண்டு, பசியாலும் களைப்பாலும் அங்கேயே கிடந்து சாகும். இங்கிலாந்தில் 2022 இல் சட்டம் செய்து, 2024 முதல் உரிமம் இல்லாதார் அதைப் பயன்படுத்தலாகாதென்று தடுத்துவிட்டார்கள். இங்கே அது மளிகைக் கடையில் தொங்குகிறது. ஒரே அடியில் கழுத்தை முறிக்கும் விற்பொறியை நாம் இப்போது வைக்கிறோம். அதற்கு முன்பாகச் சுவரின் துளையைச் சிமெந்தால் அடைத்தோம். சோற்றுப் பானைக்கு இறுக்கமான மூடி வாங்கினோம். பாதி எலி அதிலேயே நின்றுவிட்டது. லயத்தில் இருந்த காலத்தில் இதைச் செய்ய ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை என்றால், துளையுள்ள சுவர் நம்முடையதாக இல்லை.

மிளகுக்கு இரண்டு வயதாகுமுன் மார்பில் ஒரு கட்டி எழுந்தது. பெண் எலிகளுக்கு இது மிகச் சாதாரணம். அறுத்தெடுக்க முந்நூறு வெள்ளியாகுமென்றார் வைத்தியர். வீட்டில் பேச்சு எழுந்தது. பத்து வெள்ளி எலிக்கு முந்நூறா? புதிதாகவே முப்பது வாங்கலாமே? கணக்கு சரிதான். நம் மருமகள் நாள் சம்பளத்துக்குப் போகிறவள். அவள் அப்படிக் கேட்டதில் குற்றமில்லை. ஆனால் கணக்குப் போட வேண்டிய நாள் அதுவன்று, வாங்கிய நாள். இந்நாட்டில் 2015 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் வளர்ப்பவன்மேல் கடமை சுமத்தியிருக்கிறது. அச்சட்டம் இல்லாதிருப்பினும் நாம் சொன்ன சொல் இருக்கிறது. எலிக்கு வைத்தியம் பார்ப்பவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். ஒரு சிறு தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். இரண்டும் இயலாதென்றால் வாங்காதிருங்கள். வாங்காதிருப்பதில் ஒரு தாழ்வும் இல்லை. மிளகுக்கு அறுவை செய்தோம். ஐந்து மாதம் நன்றாயிருந்து, மறுபடியும் கட்டி எழ, வைத்தியர் கையாலேயே நோவின்றி முடிந்தது. அப்போது பேத்தி அதனைக் கையில் வைத்திருந்தாள். வேண்டாமென்று நாம் சொல்லியும் அவள் கேட்கவில்லை.

பின்னர்ச் சுண்டல் தனியாயிற்று. ஒரு நூலும் நமக்கு முன்னதாகச் சொல்லாத சிக்கல் இது. தனியே விட்டால் பஞ்சுவுக்குச் செய்ததையே மறுபடி செய்கிறோம். துணைக்கு ஒன்று வாங்கினால், சுண்டல் இறந்தபின் அது தனியாகும். அதற்கொரு துணை, பிறகு அதற்கொரு துணை. முடிவில்லாத சங்கிலி. ஒரு சொல்லைக் காப்பாற்ற மேலும் மேலும் சொல் கொடுத்துக்கொண்டே போவதா? நமக்கோ வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

பக்கத்து ஊரில் மூன்று கிழட்டுப் பெண் எலிகளை வளர்க்கும் ஆசிரியை ஒருவர் இருந்தார். அவரிடம் பேசினோம். அந்நிய எலிகளை உடனே ஒரே கூண்டில் விடலாகாது. இருவருக்கும் பழக்கமில்லாத இடத்தில், நாளொன்றுக்குச் சில நிமிடமாக முகங் காட்டிப் பழக்க வேண்டும். மூன்று வாரம், ஞாயிறுதோறும் சுண்டலைப் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொண்டுவந்தோம். வழியில் கூண்டின்மேல் துணி போர்த்தியிருப்போம். எலியென்று தெரிந்தால் பஸ்ஸில் இடம் இராது. நான்காம் ஞாயிறு நான்கும் ஒன்றாய்ச் சுருண்டு உறங்கின. அன்று கூண்டு வெறுமையாகத் திரும்பி வந்தது. வாக்குக் கொடுத்தவர்கள் நாமாயிருக்க, காப்பாற்றுகிறவர் வேறொருவர் ஆகிவிட்டாரே என்று நமக்கு ஒரு குறை இருந்தது. பேத்தியிடம் சொன்னோம். "நம்மிடம் இருக்க வேண்டும் என்றா வாக்குக் கொடுத்தோம், தாத்தா?" என்றாள்.

கூண்டைக் காடியிட்டுக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறோம். நல்ல கூண்டு, கம்பி துருவேறவில்லை. வேண்டுமென்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். எத்தனை எலி வாங்கப் போகிறீர்கள் என்று இருவரையும் பேத்தி கேட்டாள். ஒருவர் ஒன்று என்றார். மற்றவர் இன்னும் யோசிக்கவில்லை என்றார். கூண்டு இன்னும் நம் வீட்டிலேதான் இருக்கிறது.